அமாவாசையில் குறைந்த இருபது கிலோ

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை. நாளை அமாவாசை.

மதிப்பும் மரியாதையும் கலந்த உயர்திரு பரசுராமன் அவர்களுக்கு,

தேசப்பன் எழுதிக்கொண்டது. முதலில் ‘சம்பந்தி அவர்களுக்கு’ என்றுதான் போட்டேன். தமிழ்செல்வியின் அம்மா என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "அத நீங்க சொல்லக் கூடாது, அவங்க சொல்லணும்" என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். தாங்களும், தங்கள் துணைவியார் ஜானகியம்மாளும், மகன் அன்புசெல்வனும், அன்றைக்கு உங்களோடு டிராவலர் வண்டியில் வந்த மற்ற பதினோரு பேரும் சுகமாக இருக்க முருகன் அருள வேண்டும். முக்கியமாகத் தங்கள் வலது கால் கட்டைவிரல் இப்போது எப்படி இருக்கிறது, செருப்பு போட முடிகிறதா என்று அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மற்றபடி வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். போனைக் கையில் எடுத்தபோதே தமிழ்செல்வியின் அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "போன்ல பேசுனா ரெண்டாவது நிமிஷம் நீங்க வானத்துக்குப் போய்டுவீங்க. ஒழுங்கா உக்காந்துகினு லெட்டரா எழுதுங்க. நான் படிச்சுப் பாத்து அப்பால போஸ்ட் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டாள். அதனால் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்வதுகூடத் தவறு. நான்கு வரிக்கு ஒரு தடவை எழுந்து போய் கேஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்க்கிறேன், மொட்டை மாடிக்குப் போய் மேகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன், வந்து மின்விசிறியைக் குறைக்கிறேன், கூட்டுகிறேன். நீங்கள் "யோசிச்சு சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய் நாளையோடு ஒரு அமாவாசைக்கு ஒரு அமாவாசை ஆகிறது. யோசிக்கிற காரியம் இவ்வளவு நாள் எடுக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று உத்தரவு.

என் மகள் தமிழ்செல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவள் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு முடி அளவு கோணல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவாள். இப்போது என்னை ஒதுக்கியிருக்கிறாள். அடுத்த அறையில் இருந்துகொண்டே "நைனா, சாப்பாடு ரெடி" என்று வாட்ஸப்பில் அனுப்புகிறாள். நான் ‘சரி’ என்று பதில் அனுப்பிவிட்டு எழுந்து போகிறேன். ஜாதகம் பொருந்தியதிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டு உங்கள் மகனோடு போனில் பேசிச் சிரிப்பாள். நானும் அந்த நேரம் பார்த்து மோட்டாரைப் போடாமல் இருப்பேன். ஒரு மாதமாக அந்தச் சிரிப்பைக் காணோம். தொட்டி மட்டும் நேரத்துக்கு நிரம்புகிறது. இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அதற்குக் காரணம் சீர் அல்ல, செவ்வாய் தோஷம் அல்ல, புவியீர்ப்பு விசை. உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இந்தக் காரணத்தால் கல்யாணம் தட்டிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் செய்தவனோ பெற்ற தகப்பன்.

நடந்தது நடந்தபடி சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடமாக நான் சிப்காட் போகிற சாலையில் எடை மேடையில் வேலை பார்க்கிறேன். லாரி மேடையில் ஏறும், டிரைவர் இறங்குவார், திரையில் எண் ஆடி ஆடி நிற்கும், நான் சீட்டு அடித்துக் கொடுப்பேன். உருக்கு ஆலைக்குப் போகும் பழைய இரும்பு, வள்ளூர் அனல் மின் நிலையத்திலிருந்து வரும் சாம்பல், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் பெட்டி என்று பூமியின் மேல் இருக்கிற கனமான சாமான் எல்லாம் என் கண்ணெதிரே ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு நாளில் நூறு தடவை கனத்தைப் பார்க்கிற மனிதனுக்கு, இந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்ற யோசனை வராமல் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள். பூமி இழுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எதை வைத்து இழுக்கிறது? கயிறு எங்கே, கொக்கி எங்கே? இழுக்கிற எதையும் நான் பார்த்தது இல்லை. ஆனால் தள்ளுகிறதைத் தினமும் பார்க்கிறேன். ஆகவே, வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நம்மைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, கீழிருந்து வரும் தள்ளலைப் பூமி மறைத்துவிடுகிறது, மேலிருந்து வருவது மட்டும் நம் தலையில் இறங்குகிறது, அதைத்தான் நாம் எடை என்கிறோம் என்று நான் முடிவுக்கு வந்தேன். குடையைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் நனையாமல் இருக்கிறதே, அது மாதிரிதான்.

வெறுமனே வாயால் அளக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் ஆதாரம் இருக்கிறது. இருந்தது. அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் வானத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன அல்லவா? இரண்டும் சேர்ந்து வானத்தின் தள்ளலைக் கொஞ்சம் மறைக்க வேண்டும், எடை குறைய வேண்டும். குறைகிறது! எங்கள் முதலாளி அமாவாசைக்கு அமாவாசை மேடைக்குப் பூசை போடுவார். காலையில் மெஷினை அணைத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேடை நடுவில் இரும்பு ஸ்டூல் போட்டு அதன் மேல் பூசணிக்காயும் தாம்பாளமும் வைப்போம். அவர் கற்பூரம் காட்டி முடித்ததும் நான் சுவிட்சைப் போட்டு மெஷினைக் கண் திறக்க வைப்பேன். திருநீறு பூசி, சுண்டல் கொடுத்து, பூசணிக்காய் உடைத்து, எல்லாம் ஒதுக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் காலி மேடை மைனஸ் இருபது கிலோ காட்டும். ஒன்றுமே இல்லாத இடத்தில் இருபது கிலோ குறைகிறது ஐயா! முந்தின நாள் காலி எடை பத்தாயிரத்து நானூற்று எண்பது காட்டிய அதே லாரி, அமாவாசையன்று நானூற்று அறுபது. மறுநாள் காலையில் மெஷினைப் போட்டால் எல்லாம் பழையபடி. ஒரு மாதமா, இரண்டு மாதமா? முந்நூற்றுச் சொச்சம் அமாவாசை, பதினொரு நீளநோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் இரண்டு தடவை மெஷினையே மாற்றினார்கள். அமாவாசை மாறவில்லை.

இதை நான் யாரிடம் சொல்வது? எங்கள் மேடைக்கு டிரெய்லர் ஓட்டிக்கொண்டு வரும் ஸ்டீபனிடம் சொன்னால் அவன் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறான். "இழுக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல தேசப்பண்ணே. பூமி மேல ஏறிக்கினே கீது. நாம அதுக்குக் குறுக்க நிக்கிறோம், அவ்ளோதான். பிரேக் பேஜாரான வண்டி மேல நிக்கிற மாதிரி" என்கிறான். எல்லாப் பக்கமும் ஏறினால் பூமி பெருத்துப் போகாதா என்று கேட்டால், "பெருத்துக்கினுதான் கீது. எங்கூட்டு நிலத்த அளந்தப்ப மட்டும் எப்டியோ குறைஞ்சிருச்சு" என்கிறான். இவனோடு என்ன பேசுவது. அதனால்தான் ஜாதகக் கட்டுகளுக்கு நடுவே உங்கள் மகனின் விவரத் தாளில் ‘பௌதிக ஆசிரியர், மேல்நிலைப் பள்ளி’ என்று பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தாவதோடு நின்றுபோன எனக்கு, கேட்டுப் புரிந்துகொள்ள வீட்டுக்கே ஒரு ஆள் வருகிறார் என்ற சந்தோஷம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தேனா, எனக்குச் சாட்சி பார்த்தேனா என்று தமிழ்செல்வியின் அம்மா கேட்டாள். இரண்டும்தான். ஒப்புக்கொள்கிறேன்.

நிச்சயதார்த்தத்தை அமாவாசையன்று வைக்கச் சொல்லி நான் அடம் பிடித்தேன். நிறைந்த நாள், எல்லோரும் வைக்கிற நாள்தானே என்று நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள். உண்மையான காரணத்தை நான் சொல்லவில்லை, மன்னிக்கவும். உங்கள் வண்டியை ஆள்களோடு அமாவாசையன்று ஒரு தடவையும், கல்யாணத்துக்கு வரும்போது வளர்பிறையில் ஒரு தடவையும் எடை போட்டால், இருபது கிலோ வித்தியாசத்தை மாப்பிள்ளையே கண்ணால் பார்த்துவிடுவார் என்று திட்டம் போட்டேன். "மெயின் ரோட்ல பள்ளம் தோண்டிப் போட்டுக்கிறாங்க, இப்படிக்கா வாங்க" என்று உங்கள் டிரைவருக்கு நான் போன் செய்தது பொய். பள்ளம் எதுவும் இல்லை. நீங்கள் ஏறி நின்ற இரும்புத் தகடு பாலம் அல்ல, எங்கள் எடை மேடை. ஒரு நிமிடம் வண்டி அங்கே நின்றதற்குக் காரணம் மாடு குறுக்கே போனது அல்ல. எங்கள் பில் போடும் பெண் மெர்சி சீட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாஷ்டா வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பொங்கலும் வடையும் நன்றாக இருக்கிறது என்று ஜானகியம்மாளே வாய் விட்டுச் சொன்னார்கள். அதோடு நான் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாப்பிள்ளையிடம் வானத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் மிகவும் பொறுமையாக, "மாமா, அமாவாசையில எடை கொஞ்சம் குறையும், அது நெசந்தான். ஆனா முப்பது டன் லாரிக்கே நாலஞ்சு கிராம்தான் குறையும். உங்க மெஷின்ல அது தெரியாது" என்றார். அப்புறம் இழுப்பதும் இல்லையாம், தள்ளுவதும் இல்லையாம், இடமே வளைந்திருக்கிறதாம். நடுவில் நீங்கள் வேறு, "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? பூமாதேவிக்குப் பசி. நெல்லப் போட்டாலும் இழுத்துக்கும், நம்மளப் போட்டாலும் இழுத்துக்கும்" என்றீர்கள். அதைக்கூட நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை, தட்டில் இருந்த புது வேட்டியை எடுத்து நாலு பேரை நாலு மூலையில் பிடிக்கச் சொல்லி, நடுவில் தட்டுத் தேங்காயை வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டார். எலுமிச்சை தேங்காயைச் சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. எனக்குப் பொறுக்கவில்லை. "தள்றதனாலதான் வேட்டியே குழியுது மாப்பிள!" என்று தேங்காயின் தலையில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு மூலையைப் பிடித்திருந்த ஸ்டீபனுக்குப் போன் வந்தது. தேங்காய் உங்கள் கால் விரலில் விழுந்தது இழுத்ததாலா, தள்ளியதாலா, வளைந்ததாலா என்று இன்றுவரை முடிவாகவில்லை. விரல் வீங்கியதை மட்டும் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டது.

ஐஸ் கட்டி வந்து, நீங்களும் "பரவால்ல, பரவால்ல" என்று சொன்ன பிறகாவது நான் அடங்கியிருக்க வேண்டும். "சரி மாப்பிள, நாலு கிராம்தான் குறையும்ன்றீங்க. அப்ப என் மெஷின்ல காலி மேடை மைனஸ் இருபது காட்டுதே, அது எப்டி? அதுக்கு பதில் சொல்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தமிழ்செல்வியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "தெரியல மாமா" என்றார். உங்கள் பக்கத்து ஆள்கள், "இன்னாடா வாத்தியாரே, வே பிரிட்ஜ்காரரு கேட்ட கேள்விக்கே முழிக்கிற?" என்று சிரித்தார்கள். ஜானகியம்மாளின் முகம் வாடிப்போனதை நான் பார்க்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பௌதிக வாத்தியாரை ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே போய் யாருக்கும் தெரியாமல் இன்னொரு வடை சாப்பிட்டேன்.

வந்து பார்த்தால் தட்டு மாற்றுகிற நேரம். முகூர்த்த நேரமும் கல்யாணத் தேதியும் எழுதிய தாளைத் தட்டில் வைக்க வேண்டும். அது என் சட்டைப் பையில் இருந்தது. மேடையிலிருந்து ஸ்டீபன் வாங்கி வந்து கொடுத்த எடைச் சீட்டும் அதே பையில் இருந்தது. இரண்டையும் நாலாக மடித்து வைத்திருந்தேன். தமிழ்செல்வியின் அம்மா அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தட்டில் வைத்துவிட்டாள். உங்கள் மைத்துனர் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சபைக்குக் கேட்கிற மாதிரி வாசித்தார். "பார்ட்டி, பரசுராமன், ஆரணி. மெட்டீரியல், ஸ்கிராப். மொத்த எடை, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோ."

ஐயா, அந்த ‘ஸ்கிராப்’ நான் அடித்தது இல்லை, என் குலதெய்வத்தின் மேல் ஆணை. மெஷினில் சாமான் பெயர் போடும் இடத்தில், கடைசியாக வந்த லாரியில் இருந்த சாமானின் பெயர் அப்படியே நிற்கும். நாம் மாற்ற வேண்டும். இந்த ஊரில் பத்துக்கு எட்டு லாரி பழைய இரும்புதான் என்பதால் மெர்சி அதை மாற்றிப் பழக்கமில்லை. அவளைக் கேட்டால், "ஆளுங்கள இன்னான்னு சார் போடறது? லிஸ்ட்லயே இல்லியே" என்கிறாள். இதை அப்போதே நான் விளக்க ஆரம்பித்தேன். ஆனால் ஜானகியம்மாள் எழுந்துவிட்டார்கள். "எங்கள காயலான் கடைக்கு எடை போட்டுக் கூட்டியாந்தாங்களா?" என்று கேட்டார்கள். அது கோபம் மட்டும் இல்லை என்று இப்போது புரிகிறது. சொந்தக்காரர்கள் முன்னால் மகனும் தலைகுனிந்து, கணவரும் கால் வீங்கி, தானும் பழைய இரும்பாக நின்றால் எந்தத் தாய்க்குத்தான் தாங்கும். சமைத்த சமையல் சமைத்தபடி இருக்க, நீங்கள் எல்லோரும் கிளம்பிவிட்டீர்கள்.

அத்தோடு போயிருந்தால்கூட எப்படியாவது சமாளித்திருப்போம். மெயின் ரோட்டில் பள்ளம் என்று நான் சொன்னதை நம்பி உங்கள் டிரைவர் திரும்பவும் மேடை வழியாகவே வண்டியை விட்டார். மேடை ஏறின வண்டியைச் சீட்டு இல்லாமல் அனுப்பக் கூடாது என்று மெர்சிக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான். அவள் எடை போட்டு, சீட்டு அடித்து, "சார், செகண்ட் வெயிட்! செகண்ட் வெயிட்!" என்று கத்திக்கொண்டே வண்டி பின்னால் ஓடிப்போய் ஜன்னல் வழியாக ஜானகியம்மாள் கையிலேயே கொடுத்திருக்கிறாள். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. பத்து கிலோ கூடுதல். "நாம துன்ன பொங்கலக் கூட எடை போட்டுக் கொடுக்கறாங்க" என்று அவர்கள் வண்டிக்குள் அழுததாகக் கேள்விப்பட்டேன். கேட்டதிலிருந்து எனக்குப் பொங்கல் இறங்குவதில்லை.

ஆகவே, கீழே கையெழுத்திட்டுள்ள தேசப்பனாகிய நான், என் சுயநினைவோடும், மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் நிலையிலும் இதை எழுதிக் கொடுக்கிறேன். வானம் யாரையும் தள்ளவில்லை. பூமிதான் இழுக்கிறது, அல்லது இடம் வளைந்திருக்கிறது. இந்த இரண்டில் மாப்பிள்ளை எதைச் சொல்கிறாரோ அதுவே எனக்கும் சம்மதம். பதினொரு நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறேன். இனிமேல் உங்கள் குடும்பத்தார் முன்னிலையில் சூரியன், சந்திரன், அமாவாசை, எடை ஆகிய எதைப் பற்றியும் வாய் திறக்க மாட்டேன். மழை வருமா என்றுகூடக் கேட்க மாட்டேன். என் மகள் என்னைப் போல் இல்லை. மிகவும் பொறுமைசாலி. எவ்வளவு பொறுமைசாலி என்று அவளைப் பெற்ற எனக்கே முழுக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். என் பைத்தியக்காரத்தனத்தை அவள் தலையில் ஏற்றாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜானகியம்மாள் அவர்களிடம் என் மன்னிப்பைத் தனியாகச் சொல்லவும். கால் விரலுக்கு விளக்கெண்ணெய் போடலாம். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், நாற்று நட்டிருந்தால் நல்ல மழையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்து நிற்கும்
தேசப்பன்

பி.கு.: இன்று புதன்கிழமை, அமாவாசை. இதை மேடையிலிருந்து எழுதுகிறேன். தமிழ்செல்வியின் அம்மா மேலே இருப்பதைப் படித்து, சரி என்று சொல்லி உறையில் போட்டுக் கொடுத்தாள். போஸ்ட் செய்யக் கொண்டுவந்த இடத்தில் உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். இதை அவள் படிக்கவில்லை.

காலை ஏழரை மணிக்குப் பூசைக்கு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. உங்கள் மகன். பள்ளிக்கூடம் போகிற வழியில் வந்தேன் என்றார். பொன்னேரியில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இது எந்த வழி என்று நான் கேட்கவில்லை. "அம்மாவுக்குத் தெரியாது மாமா. ஒரு மாசமா தமிழ்செல்வி எங்கிட்ட சரியா பேசல. நீங்களும் அவங்களும் பேசிக்கறது இல்லன்னு சொல்லி அழறாங்க. அந்த நோட்ட எல்லாம் ஒரு தடவ பாக்கலாம்னு வந்தேன்" என்றார். நான் திருநீற்றுத் தட்டை நீட்டினேன்.

முதலாளி கற்பூரம் காட்டினார். நான் சுவிட்சைப் போட்டேன். திரை பூஜ்யம் காட்டியது. வழக்கமாக அந்த நேரத்தில் நான் சுண்டல் கொடுக்கப் போய்விடுவேன். இன்றைக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறாரே என்று திரையின் மேலிருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வெளியே ஒரு சாம்பல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை, வழியில் இருக்கிறதே என்று, பூசணிக்காயும் தாம்பாளமுமாக அந்த இரும்பு ஸ்டூலை அப்படியே தூக்கி மேடைக்கு வெளியே வைத்தார். என் கண்ணெதிரே பூஜ்யம் மைனஸ் இருபது ஆனது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். தூக்கினதை அவசர அவசரமாகத் திரும்ப மேடையில் வைத்தார். பூஜ்யம்.

சுவிட்சைப் போடுகிறபோது மேடையில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் மெஷின் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதை எடுத்துவிட்டால் அந்த அளவு குறைத்துக் காட்டும். இது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். வேறொருவர் மேடையில் இப்படி நடந்திருந்தால் தூரத்திலிருந்தே சொல்லியிருப்பேன். இருபத்தெட்டு வருடம், முந்நூற்றுச் சொச்சம் அமாவாசை, நான் எழுதி வைத்தது வானத்தை அல்ல, ஒரு ஸ்டூலையும் பூசணிக்காயையும்.

"மாமா, நான் வேணும்னு பண்ணல" என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "தமிழ் சத்தியம் வாங்கியிருக்காங்க. அவங்க பிளஸ் ஒன் படிக்கறப்ப உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கினு வந்து இதப் பாத்தாங்களாம். அப்பவே தெரியுமாம். ‘எங்க நைனாகிட்ட வேற எதுல வேணா வாதாடுங்க, அந்த ஸ்டூலப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து அந்த நோட்ட எழுதறப்ப அவரு மூஞ்சியப் பாக்கணும்’னு சொன்னாங்க. அது ஒண்ணுதான் கண்டிஷன் போட்டாங்க மாமா."

பன்னிரண்டு வருடம். ஒரு முடி அளவு கோணலைக்கூட விடாத பெண், என் இருபது கிலோவைப் பன்னிரண்டு வருடம் விட்டுவைத்திருக்கிறாள். அன்றைக்கு உங்கள் ஆள்கள் சிரித்தபோது, பதில் வாயில் இருக்கும்போதே உங்கள் மகன் "தெரியல மாமா" என்றார். பத்து வினாடியில் என்னை முட்டாளாக்கியிருக்கலாம். அவர் முட்டாளாக நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் ஆமாம், புகைதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெர்சி மட்டும், "கற்பூரம் எப்பவோ அணைஞ்சிடுச்சே சார்" என்றாள்.

ஜானகியம்மாளிடம் இதை நீங்கள் அவசியம் சொல்ல வேண்டும். அவர்கள் மகன் அன்றைக்குத் தோற்கவில்லை. தமிழ்செல்வியிடம் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். இன்று சாயங்காலமும் அவள் பார்க்கும்படி உட்கார்ந்து, வழக்கம் போல ‘மைனஸ் இருபது’ என்று நோட்டில் எழுதப் போகிறேன். ஆகையால் பேப்பர்காரரிடம் நோட்டுகளைப் போடுவதாக மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும்.

இன்னும் ஒன்று. பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் நானும் அவரும் ஸ்டூலையும் பூசணிக்காயையும் தாம்பாளத்தையும் வைத்துப் பார்த்தோம். எல்லாம் சேர்த்துப் பதினெட்டு கிலோதான். "அப்ப மீதி ரெண்டு கிலோ?" என்று கேட்டேன். எங்கள் மெஷின் பத்து பத்தாகத்தான் காட்டும், பதினெட்டை இருபது என்றுதான் சொல்லும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "அதான் மாமா எனக்கும் புரியல. அத ஒழுங்கா பாக்கணும்" என்றார். வானம் தள்ளவில்லை என்று மேலே எழுதியதையும் அடித்துவிடவும்.

நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், சம்பந்தி. தேதியை உங்கள் இஷ்டம் போலக் குறியுங்கள். அமாவாசை மட்டும் வேண்டாம். அன்றைக்கு எனக்கும் மாப்பிள்ளைக்கும் மேடையில் வேலை இருக்கிறது.